இறக்கியவர் படிக்கக் கூடாது

போன மாதம், என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலர் இங்கே சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடையில் எனக்கு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு அவ்வப்போது இப்படி நடக்கும். இலையில் சோறு விழுவதற்குள் ஆஸ்பத்திரிப் பேச்சு வந்துவிடும். இந்த முறை புதிதாக ஒரு கருவி வந்திருப்பதாகச் சொன்னார்கள். சோதனை ஸ்டிரிப்பை அதன் வாயில் நீட்டினால் போதுமாம், அதுவே பார்த்து பாஸ், ஃபெயில் என்று சொல்லிவிடுமாம். "அப்ப அந்த ரூல் இனிமே வேணாம்தானே ஆன்ட்டி? இறக்கினவங்க ஸ்டிரிப்பைப் படிக்கக் கூடாதுன்னு யாரு போட்டது? கேட்டா யாருக்குமே தெரியல லா" என்றாள் ஒருத்தி.

எனக்குத் தெரியும். ஆனால் அது என் கதை மட்டுமில்லை என்பதால் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் சம்பந்தப்பட்ட ஆளுக்கே போன் போட்டேன். தனபால் எடுத்தார். எழுதட்டுமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க. பேரையும் போடுங்க. ஆனா என்னை நல்லவனா காட்டறேன்னு ரொம்ப மெழுகாதீங்க" என்றார். மெழுகும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

தெரியாதவர்களுக்காக எங்கள் பிரிவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத ஒரு நீளமான கூடம். மேலே ஆபரேஷன் முடிந்ததும் ரத்தக்கறையோடு கருவிகள் லிஃப்டில் எங்களிடம் இறங்கி வரும். கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தட்டில் அடுக்கி, நீல உறையில் சுற்றி, ஆட்டோகிளேவுக்குள் தள்ளி, அழுத்தமேற்றிய நீராவியில் கிருமி நீக்கி மறுபடியும் மேலே அனுப்ப வேண்டும். சொந்தக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் பாத்திரம் கழுவுகிறேன் என்பேன். அதற்கு மேல் விளக்கினால் கேட்பவர்களுக்குக் கண் சொருகிவிடும்.

அதற்கு முன்னால் தோ பாயோவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இருந்தேன். அதை மூடினார்கள், இங்கே வந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கத்தரிக்கோல் வகைகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், மறந்தேன், மறுபடியும் மனப்பாடம் செய்தேன். இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். ஒரு தடவை கழிவறையில் நின்று அழுதேன். பிறகு வேலை பிடித்துவிட்டது.

நீராவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இட்லிப் பானை வைத்திருப்பவர்களுக்கு அது பழகின ஆள் மாதிரித் தெரியும். அப்படியில்லை. காற்று இருக்கும் இடத்துக்குள் அது போகாது. எம்.ஆர்.டி. ரயிலில் உள்ளே இடமிருந்தும் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார்களே, காற்று அந்த மாதிரி நிற்கும். முதலில் அதை இழுத்து வெளியேற்ற வேண்டும். பிறகு நீராவி உள்ளே வந்து நூற்று முப்பத்து நான்கு டிகிரியில் நின்று தன் வேலையைச் செய்யும். கடைசியில் அதையும் இழுத்துப் பொட்டலங்களைக் காயவைக்க வேண்டும். ஈரமாக வெளியே வந்த பொட்டலம் கிருமி நீங்கியதாகாது, ஈரத்தின் வழியாக வெளிக் கிருமி உள்ளே ஏறிவிடும். அதனால் எப்படி அடுக்குகிறோம் என்பதுதான் பாதி வேலை. தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கக் கூடாது. கிண்ணங்களைக் குப்புறவோ நிமிர்த்தியோ வைக்கக் கூடாது, பக்கவாட்டில் சாய்த்து வைக்க வேண்டும், தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும். கதவு திறந்த பிறகு சூடு ஆறும்வரை கை வைக்கவே கூடாது. புதிதாக வருகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது. அந்தப் பொறுமை வருவதற்கே ஒரு வருஷம் பிடிக்கும்.

எங்கள் பிரிவுக்குத் தலைவி ஹமீதா சிஸ்டர். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாகப் பல வருஷம் இருந்துவிட்டுக் கீழே இறங்கி வந்தவர். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், ஆனால் தாத்தா காலத்திலிருந்தே இங்கேதான். தரை துடைக்க வருகிறவரில் இருந்து டைரக்டர் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே "வாங்க, போங்க"தான். ஆட்டோகிளேவ் கதவைத் திறக்கும்போது உதட்டுக்குள் பிஸ்மி சொல்வார். பழகிப்போய் நானும் "முருகா" என்று சொல்ல ஆரம்பித்தேன். கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார், குரல் இன்னும் தணிந்துவிடும். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய வேண்டியிருக்கும். அது திட்டு வாங்குவதைவிடக் கொடுமை.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஏதாவது தவறு நடந்தால் "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்கவே மாட்டார். "எப்படி நடந்துச்சு, சொல்லுங்க" என்பார். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு சாக்குத்தான் வரும், எப்படி என்று கேட்டால் நடந்தது வரும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். என் பிள்ளைகளிடம் இதை முயன்று பார்த்தேன். என் குரலில் அது எடுபடவில்லை.

தனபால் எங்களில் மூத்தவர். பாசிர் ரிஸ்ஸில் வீடு, மனைவி, படித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள். ஆட்டோகிளேவுக்குள் தள்ளும் வண்டியில் பொட்டலங்களை அடுக்குவதில் அவரை அடிக்க ஆளில்லை. எல்லாரும் அடுக்கிய பிறகு வந்து நிற்பார், ஒன்றும் சொல்லாமல் ஒரு கிண்ணத்தைத் திருப்பி வைப்பார், ஒரு தட்டை அரை விரல் நகர்த்துவார், போய்விடுவார். அவர் அடுக்கிய வண்டியிலிருந்து ஈரப் பொட்டலம் வந்து நான் பார்த்ததில்லை.

ஆட்டோகிளேவிலிருந்து ஒரு லோடு வெளியே வந்ததும் அதை மேலே அனுப்பலாமா என்று தீர்மானிக்க மூன்றைப் பார்ப்போம். இயந்திரம் அச்சடித்துத் தரும் தாள், சூடும் அழுத்தமும் நேரமும் சரியாக இருந்தனவா என்று சொல்லும். பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடுகள் வந்திருக்க வேண்டும். மூன்றாவது ஸ்டிரிப். நீராவி போய்ச்சேரக் கஷ்டப்படும் அடித்தட்டில் ஒரு சோதனைப் பொட்டலத்தை வைப்போம். அதன் வயிற்றுக்குள் ஒரு காகிதத் துண்டு இருக்கும். பிரித்து அதன் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால்தான் கருவிகள் மேலே போகும். மூன்றில் இரண்டு என்கிற பேச்சே கிடையாது.

பல வருஷமாக எங்கள் ஸ்டிரிப் வெள்ளையிலிருந்து கறுப்பாக மாறுகிற ரகம். தூக்கக் கலக்கத்தில்கூடத் தெரியும். ஒருநாள் அந்த ரகம் நின்றுபோய் வேறொன்று வந்தது. அது சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். "ரோட்டு விளக்கு மாதிரிதான், யாருக்கும் குழம்பாது" என்று விற்க வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் தனபால் என் மேசைக்கு வர ஆரம்பித்தார். நான் பொட்டலம் கட்டுகிற மேசையில் இருப்பேன். அவர் லோடு இறக்கியதும் ஸ்டிரிப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார். "வசந்தா, இதைக் கொஞ்சம் பாருங்க." எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். "கண்ணை எங்க வச்சிருக்கீங்க? பச்சையா இருக்கு பாருங்க, நல்ல பச்சை!" என்று கத்துவேன். "தேங்க்ஸ் லா" என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த லோடுக்கு மறுபடியும் வந்து நிற்பார். நான் மறுபடியும் கத்துவேன்.

கழுவுமிடத்தில் இருந்த ரோஹானி, மலாய்க்காரி, வாய் சும்மா இருக்காது. தனபால் என் பக்கம் நடந்து வந்தாலே கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வசந்தா, யுவர் ஹீரோ கமிங்!" என்று கையால் சைகை காட்டிச் சிரிப்பாள். கூடம் முழுவதும் அந்தப் பேச்சுத்தான். எனக்கும் சந்தேகம் வந்தது. கணவரை இழந்தவள், வாய் நீளமானவள், என்னிடம் இந்த மனுஷனுக்கு என்ன? ஒருநாள் சேலையில் வந்தபோது அவர் கண்டுகொள்ளவே இல்லை, ஸ்டிரிப்பை மட்டும் நீட்டினார். சரி, இது வேறு ஏதோ கிறுக்கு என்று விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் கூடம் காலியாக இருக்கும். மலாய்க்கார ஆண்கள் தொழுகைக்குப் போயிருப்பார்கள், மற்றவர்கள் சாப்பாட்டுக்கு. சிஸ்டர் மேலே மீட்டிங்கில் இருந்தார். நான் வீட்டில் சாமி கும்பிட வேண்டும் என்று பூவும் கீரையும் வாங்கத் தேக்கா சந்தைக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரம்தான். தனபால் சுத்தப் பக்கத்தில் தனியாக இருந்தார். ரோஹானி அழுக்குப் பக்கத்தில். அவள் கையுறை, கவுன் எல்லாம் கழற்றிக் குளித்த மாதிரிக் கழுவிக்கொள்ளாமல் இந்தப் பக்கம் வர முடியாது.

அப்போதுதான் மேலே ஒரு அவசர ஆபரேஷன். துவாஸில் ஒரு பட்டறையில் தகடு வளைக்கும் இயந்திரத்துக்குள் ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கை மாட்டிக்கொண்டது. கைக்கான கருவி செட் ஒன்று காலையிலேயே வேறொருவருக்குப் பயன்பட்டுவிட்டது. இன்னொன்று தனபால் அப்போது இறக்கிய லோடில் இருந்தது. தியேட்டரிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்ததாம்.

சந்தையில் கீரைக்கட்டை உதறிக்கொண்டு நின்ற என் போனில் வாட்ஸ்அப் சத்தம். தனபால். ஒரு ஸ்டிரிப்பின் படம். அதற்குக் கீழே ஒரே வரி: "இது என்ன கலர்?"

படத்தைப் பார்த்தேன். எங்கள் ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தது, சேறு மாதிரித் தெரிந்தது. அதில் என்னாலேயே நிறம் சொல்ல முடியவில்லை. ஆனால் என்னை நிறுத்தியது படம் இல்லை, அந்தக் கேள்வி. சரியா என்று அவர் கேட்கவில்லை. என்ன கலர் என்று கேட்டிருந்தார். இத்தனை மாதமாக அவர் ஏன் என்னிடம் வந்தார் என்று அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களிடம் நீட்டினால் "ஓகே லா" என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். ரோஹானி எதைக் காட்டினாலும் பார்க்காமலே கட்டைவிரலைத் தூக்குவாள். நான் ஒருத்திதான் நிறத்தின் பெயரைச் சொல்லித் திட்டுகிறவள்.

போன் போட்டேன். பின்னால் இன்னொரு போன் அலறிக்கொண்டிருந்தது. "வசந்தா, தியேட்டர்ல ஆளு மயக்கத்துல இருக்காரு. ரோஹானி கட்டைவிரல் காட்டறாங்க. தாளு ஓகே, டேப்பு ஓகே" என்றார். "ஸ்டிரிப்பு மட்டும் எனக்குத் தெரியல."

"மேல விடாதீங்க. நான் வர்றேன்" என்றேன். கீரைக்காரர் "அக்கா, பை! பை!" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. என் வயதுக்கும் உடம்புக்கும் அந்த வெயிலில் ஓடியிருக்கக் கூடாது. ஓடினேன். சிவப்பு விளக்கில் நிற்க வேண்டியிருந்தபோது, இந்த மனுஷன் ரோட்டை எப்படிக் கடக்கிறார் என்று நினைத்தேன். மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. அங்கே இடத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். ஸ்டிரிப்பில் அதற்கு வழியில்லை.

நான் உடை மாற்றிக் கை கழுவி உள்ளே போனபோது தனபால் வண்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். யாரோ வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. ஸ்டிரிப்பை வாங்கினேன். பச்சை. சந்தேகமே இல்லாத பச்சை. செட்டை நானே மேலே கொண்டு ஓடினேன். அதற்குள் அவர்கள் பக்கத்துத் தியேட்டரில் இருந்த ஒரு சில கருவிகளை வைத்து ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் செட் போன பிறகுதான் முக்கியமான வேலையே நடந்தது.

திரும்பி வந்ததும் கேட்டேன், "எவ்வளவு நாளா?"

"பொறந்ததுல இருந்து" என்றார். "ஆர்மி செக்கப்புலதான் தெரிஞ்சது. புள்ளி புள்ளியா ஒரு புத்தகத்தைக் காட்டுவாங்களே, அதுல எனக்கு நம்பரே தெரியல. நேவிக்குப் போகணும்னு ஆசையா இருந்தேன். ஸ்டோர்ல போட்டுட்டாங்க. அன்னிக்கே முடிவு பண்ணேன், இனிமே வாயைத் திறந்து யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு. கறுப்பு ஸ்டிரிப் இருந்தவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல." அந்த ஸ்டிரிப்பை எடுத்துக் கவரில் போட்டார். "சொல்லிடாதீங்க வசந்தா. இந்த வயசுல வேலை போச்சுன்னா யாரு எடுப்பா? செக்யூரிட்டி கார்டாத்தான் போகணும். பிள்ளைங்க இன்னும் படிக்குது."

எனக்கு அவர் மேல் இரக்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. நான் லீவில் இருக்கும் நாளில் என்ன செய்வார்? எனக்குக் காய்ச்சல் வந்தால்? அதைக் கேட்டேன். லீவு என்றால் அவரும் லீவு போட்டுவிடுவாராம், அல்லது கழுவுமிடத்துக்கு மாற்றிக்கொள்வாராம். என் ஒருத்தியின் வாயை நம்பி ஒரு மனுஷன் மாதக்கணக்கில் லீவுக் கணக்குப் போட்டிருக்கிறார்! "நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும். திங்கட்கிழமைக்குள்ள சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்" என்றேன்.

சனிக்கிழமை எங்கள் இருவருக்கும் வேலை இருந்தது. மதியம் அவரே வந்து, மேலே வார்டுக்குப் போய் அந்தத் தொழிலாளியைப் பார்க்கலாமா என்று கேட்டார். போனோம். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன். கை முழுக்கக் கட்டு. நாங்கள் யார் என்று தெரியாவிட்டாலும், தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்தான். "மூணு விரல ஒட்டிட்டாங்கண்ணே. ஒரு நுனிதான் போச்சு. அம்மா வீடியோ கால்ல வர்றப்ப இந்தக் கையைத்தான் காட்டறேன்" என்று நல்ல கையைத் தூக்கிக் காட்டினான். "எத்தனை நாளைக்குக் காட்ட முடியும்னு தெரியல."

வெளியே வந்தபோது அவனுக்கு ஆபரேஷன் செய்த கை டாக்டர் வார்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். தனபால் நேராக அவர் முன்னால் போய் நின்றார். செட் தாமதமானது தன்னால்தான் என்றும், அந்த நுனி அதனால்தான் போயிற்றா என்றும் ஆங்கிலத்தில் கேட்டார். அவருடைய ஆங்கிலம் அவ்வளவு சுத்தமாக நான் கேட்டதே இல்லை. அந்தச் சீன டாக்டர் கையிலிருந்த ஃபைலை மூடினார். அந்த நுனி பையன் இங்கே வந்து சேரும்போதே செத்திருந்தது, நீங்கள் அதை எடுக்கவில்லை, இயந்திரம் எடுத்தது என்றார். பிறகு, நீங்கள் நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் அனுப்பியிருந்தால் இன்றைக்கு நாம் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருப்போம் என்று சொல்லி, தோளைத் தொட்டுவிட்டுப் போனார். லிஃப்டில் இறங்கும்போது தனபால் சொன்னார், "சிஸ்டர்கிட்டச் சொல்லிடறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க, அது போதும்."

நின்றேன். தனபால் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை சிஸ்டர் குறுக்கிடவே இல்லை. பிறகு எழுந்து போய்ப் புது ஸ்டிரிப் ஒன்றையும் பயன்படுத்திய ஸ்டிரிப் ஒன்றையும் எடுத்து வந்து வெள்ளைத் தாளின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"உங்களுக்கு இது ரெண்டும் எப்படித் தெரியுது, சொல்லுங்க."

"ரெண்டும் காய்ஞ்ச இலை மாதிரி இருக்கு சிஸ்டர். ஒண்ணு கொஞ்சம் அழுத்தம். சில நேரம் அதுவும் இல்ல."

சிஸ்டர் குனிந்து வெகுநேரம் அந்த இரண்டையும் பார்த்தார், அவர் பார்ப்பது போலத் தானும் பார்க்க முயன்றாரோ என்னவோ. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரு தடவையாவது குத்துமதிப்பா விட்டீங்களா?" குரல் அவ்வளவு தணிவு.

"இல்ல சிஸ்டர்."

"அதை நான் எப்படி நம்பறது?"

"என்னைக் கேளுங்க" என்றேன் நான். "ஒவ்வொரு லோடுக்கும் என்கிட்ட வந்து நின்னு என் உயிரை வாங்கியிருக்காரு. இந்தக் கூடமே சாட்சி."

அப்போதும் சிஸ்டர் வாய்வார்த்தையோடு விடவில்லை. புது ரகம் வந்த நாளிலிருந்து எடுத்து வைத்திருந்த ஸ்டிரிப் அத்தனையையும் வேறு இரண்டு பேரை உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார். எல்லாம் பச்சை. அதோடு விஷயத்தை மேலிடத்துக்கும் தானே எழுதினார். மறைத்தால் நாளைக்குத் தனபாலுக்கே ஆபத்தாக முடியும் என்று எங்களிடம் சொன்னார்.

மேலே விசாரணை என்று கூப்பிட்டார்கள். சிஸ்டர், தனபால், சாட்சியாக நான். எதிரே ஓர் அதிகாரி, நல்ல மனிதர்தான், ஆனால் எங்கள் கூடத்தைப் பார்த்தவர் இல்லை. என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: இவர் தினமும் உங்களிடம் ஸ்டிரிப்பைக் கொண்டுவந்தபோது, எதற்காக என்று நினைத்தீர்கள்? பொய் சொல்ல இடமில்லை. "ஐ தாட் ஹீ லைக் மீ லா, சார்" என்றேன். சிஸ்டர் கையிலிருந்த தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தாள் ஆடியது. தனபாலின் முகம் காது வரைக்கும் சிவந்தது, அது அவருக்குத் தெரிந்திருக்காது.

அதிகாரி துணிகள் கொண்டுபோகிற பிரிவுக்கு அவரை மாற்றிவிடலாம் என்றார். சம்பளம் குறையாது, இந்தத் தலைவலியும் இருக்காது, எல்லாருக்கும் நல்லது என்றார். தனபால் தலையைக் குனிந்துகொண்டார். சரி என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சிஸ்டரின் கண்ணாடி மேசைக்கு வந்தது. அதிகாரி முன்னால் சாய வேண்டியிருந்தது.

"ஆபரேஷன் காத்துக்கிட்டிருக்கு, போன் அடிக்குது, பக்கத்துல யாருமில்ல. மூணுல ரெண்டு சரியா இருக்கு. விட்டிருந்தா யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியலைன்னு சொல்லி ஒருத்தர் நிறுத்தியிருக்கார். அவரை நான் வேற எங்கேயும் அனுப்ப மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்கு நிறம்தான் தெரியவில்லை, மற்றவர்களுக்கு அவசரம் வந்தால் எதுவுமே தெரியாது என்றார். "அவசரத்துல நிக்கிறவங்க கண்ணுக்கு எல்லாமே பச்சையாத்தான் தெரியும். அதனால லோடை இறக்கினவங்க ஸ்டிரிப்பைப் படிக்கக் கூடாது. வேற ஒருத்தர் படிக்கணும், நிறத்தை வாய்விட்டுச் சொல்லணும். தனபாலுக்கு மட்டும் இல்ல. எல்லாருக்கும்." அதிகாரி அதை எழுதித் தரச் சொன்னார். அவ்வளவுதான் அந்த ரூலின் பிறப்பு.

மறுநாள் காலை சிஸ்டர் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் புது ரூலைச் சொன்னார். ஏன் என்று யாரோ கேட்டதற்கு, எனக்கு வயசாகிறது, என் கண்ணையே நான் நம்புவதில்லை என்றார். முதல் லோடைத் தானே இறக்கினார். சோதனைப் பொட்டலத்தைப் பிரித்து, ஸ்டிரிப்பை எடுத்து, அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம் நீட்டினார். அவள் "க்ரீன்!" என்று கத்தினாள். தனபாலின் பெயர் எங்கேயும் வரவில்லை. ஓய்வுபெறும் நாள்வரை அவர் அதே கூடத்தில் அடுக்கினார், இறக்கினார், மற்றவர்கள் அடுக்கியதைச் சொல்லாமல் திருத்திவைத்தார். ரோஹானிக்குக்கூடத் தெரியாது. அவள் இன்னமும் அது காதல் தோல்வி என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராதது நல்லதுதான்.

புது ரூல் வந்த அன்று சாயங்காலம், பஸ் நிறுத்தத்தில் நான் அவரோடு நின்றிருந்தேன். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"நேத்து ராத்திரி வீட்டுல சொல்லிட்டேன்" என்றார். "கல்யாணம் ஆனதுல இருந்து மறைச்சு வச்சதை. வேலை போகாதுன்னு தெரிஞ்ச பிறகுதான் எனக்கு வாயே வந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

"'தெரியுமே'ன்னா."

"எப்படித் தெரியுமாம்?"

"பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கு அவ பச்சைப் புடவை கட்டியிருந்தாளாம். கல்யாணம் ஆகி முதல் தீபாவளிக்கு நான், 'அன்னிக்குக் கட்டியிருந்தியே, அந்தச் சிவப்புப் புடவை, அதைக் கட்டு'ன்னு சொன்னேனாம்."

"அப்புறம்?"

"ஒண்ணுமே சொல்லலையாம். உள்ள போய் அந்தப் பச்சையைக் கட்டிக்கிட்டு வந்து நின்னாளாம்" என்றார் தனபால். "நானும் பார்த்துட்டு, 'இதேதான்'னு சொன்னேனாம்."